ரயிலுக்குப் போகிற கறிவேப்பிலை

ஆறுக்குட்டியின் தோட்டத்துக் கறிவேப்பிலை பேச ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மேட்டுப்பாளையம் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் மெஸ் ஒன்றில், தேங்காய்ச் சட்னிக்குத் தாளிக்கிற நேரத்தில். மெஸ்காரம்மா எண்ணெயைக் காயவைத்து, கடுகு வெடித்து, உளுந்து சிவந்து, ஒரு இணுக்குக் கறிவேப்பிலையை உருவிப் போட்டதும், இலை படபடவென்று பொரிகிற சத்தத்தோடு சத்தமாக ஒரு பெண்பிள்ளையின் குரல், "என்ற மாமியா போடற காப்பிய எங்கூட்டு எருமகூட மோந்து பாக்காதுங்க்கா" என்று தெளிவாகச் சொல்லிவிட்டு அடங்கியது. மெஸ்காரம்மா திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. அடுத்த தாளிப்புக்கு இன்னொரு இணுக்கைப் போட்டாள். "எருமைக்கும் ஒரு ரோசம் இருக்குமல்லங்க்கா" என்று அதே குரல் சொல்லிச் சிரித்தது. பசியோடு எட்டுப் பேர் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்ததால் மெஸ்காரம்மாவுக்கு அதிசயப்பட நேரமில்லை. சட்னியைக் கலக்கி ஊற்றினாள், சட்னி எப்போதும்போல நன்றாகவே இருந்தது.

குரல் யாருடையது என்று கண்டுபிடிக்க ஒரு நாள்கூட ஆகவில்லை. தோட்டத்து வண்டியை ஓட்டுகிறவன் அதே மெஸ்ஸில்தான் இட்லி தின்பான். மூன்றாவது தாளிப்பில் அவன் கையைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "இது எங்க தோட்டத்துத் துளசிமணிங்க. நேத்துப் பொழுதோட இந்தக் கட்டக் கட்டறப்ப நான் பக்கத்துலதான நின்னுட்டிருந்தேன்" என்றான். வண்டி தோட்டம் இருக்கும் செங்காட்டுப்புதூருக்குத் திரும்புவதற்கு முன்பே சேதி திரும்பிவிட்டது. துளசிமணியின் மாமியார் அன்றோடு காப்பி போடுவதை நிறுத்திக்கொண்டாள். துளசிமணி விடியற்காலம் எழுந்து தானே போட்டுக் குடித்துப் பார்த்துவிட்டு, இதுவும் அப்படியொன்றும் வாழவில்லை என்று வெண்டைச் செடிகளிடம் மட்டும் ஒப்புக்கொண்டாள்.

அந்தத் தோட்டம் இரண்டரை ஏக்கர்தான். அரை ஏக்கர் கறிவேப்பிலை, மீதியில் கொத்தமல்லி, புதினா, நாலு வகைக் கீரை, ஓரத்தில் வெண்டையும் தக்காளியும். ஆறுக்குட்டி தோட்டத்துக்குச் சொந்தக்காரர் என்றாலும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மற்றவர்களோடு சேர்ந்து களை பிடுங்குகிறவர்தான். புதிதாக வருகிற வியாபாரிகள் அவரிடமே "முதலாளி எங்கப்பா" என்று கேட்பார்கள். அங்கே வேலை செய்கிற பெண்களுக்கு ஒரு வழக்கம், கறிவேப்பிலை அறுக்கும்போது வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார்கள், பேச்சு நின்றால் அரிவாள் மெதுவாகிவிடும் என்று நம்புகிறவர்கள். அறுக்கிற நேரத்தில் செடியருகே யார் என்ன பேசினார்களோ அது அந்த இணுக்கோடு கட்டில் ஏறி, ஈரச்சாக்குக்குள் பயணம் செய்து, எங்கோ ஓர் அடுப்படியில் சூடான எண்ணெயில் விழுந்ததும் வெளியே வந்தது. ஒரு இணுக்கு ஒரு தடவைதான் பேசும். கொத்தமல்லி வாயைத் திறக்கவில்லை. புதினா அம்மியில் அரைபட்டபோதும் மூச்சு விடவில்லை.

விவசாய ஆபீசிலிருந்து ஒருவர் வந்து இலைகளைக் கவரில் போட்டுக்கொண்டு போனார். பதினைந்து நாள் கழித்து, பூச்சி இல்லை, நோய் இல்லை, மண்ணுக்குக் கொஞ்சம் தொழு உரம் வைக்கலாம் என்று எழுதி வந்தது. அதைக் கொண்டுவந்து கொடுத்தவரே, வீட்டில் கேட்டார்கள் என்று சொல்லி இரண்டு கட்டு வாங்கிப் போனார். ஆனாலும் ஆறுக்குட்டிக்குப் பயம், ஊர் வம்பெல்லாம் தன் தோட்டத்து முத்திரையோடு போய்ச் சந்தி சிரிக்கிறதே என்று. "அறுக்கும்போது பேசக் கூடாது" என்று ஒரு தகரப் பலகையில் எழுதி வரப்பில் நட்டார். பெண்கள் வாயை மூடிக்கொண்டு ஒரு வாரம் அறுத்தார்கள். எட்டாம் நாள் மெஸ்காரம்மா போன் செய்து, "ஏனுங்க, இலை ஊமையா வருதுங்க, சாப்பிடறவங்க ரெண்டு இட்டிலியோட எந்திரிச்சுப் போயிடறாங்க" என்று முறையிட்டாள். ஆறுக்குட்டி பலகையில் இருந்ததை அழித்துவிட்டு, "நல்லதைப் பேசவும்" என்று எழுதினார்.

அப்புறம் ஊர் அதைப் பழக்கிக்கொண்டது, மின்சாரம் வந்தபோதும் போன் வந்தபோதும் பழக்கிக்கொண்டதைப்போலவே. வம்பெல்லாம் வெண்டை வரிசைக்குக் குடிபெயர்ந்தது. கறிவேப்பிலை வரிசையில், கிழக்கே மேகம் கட்டியிருக்கிறது, புளிக்குழம்பில் கடைசியாகக் கொஞ்சம் வெல்லம் போட்டால் தேவலை, பேரூர்த் தேருக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது என்று பேசினார்கள். டவுனில் இருக்கிற பெண்கள் ரசத்துக்குத் தாளித்துவிட்டு, கொடியில் கிடந்த துணியை எடுத்து உள்ளே போட்டார்கள். வரப்புத் தகராறில் முகம் பார்க்காமல் போன அண்ணன் தம்பி இருவரில் தம்பிக்காரன் ஒருநாள் தோட்டத்துக்கு வந்து, ஒரு செடி முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, ஒரே ஒரு வாக்கியம் சொல்லி அறுத்து, அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினான். உரக்கடைக்காரன் ஒருவன் தன் மனதில் இருந்ததையெல்லாம் செடியிடம் கொட்டி டீச்சர் ஒருத்தி வீட்டுக்கு ஒரு கட்டு அனுப்பினான். அன்றைக்கென்று பார்த்து அந்த வீட்டில் சமையல் டீச்சருடைய அப்பா. அவர் கரண்டியும் கையுமாகக் கடைக்கே வந்துவிட்டார். ஆனால் கல்யாணம் நடந்தது. பந்தியில் அவரே முன்னால் நின்று தாளித்தார்.

இத்தனை பேர் வந்து பேசிப் போன அந்த வரிசைக்குப் பக்கத்தில்கூட மாராத்தாள் வரவில்லை. இலை பேச ஆரம்பித்த மறுநாளே அவள் ஆறுக்குட்டியிடம் போய், "எனக்குக் கொத்தமல்லிப் பாத்தியே போதுமுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். அவளுக்கு ஐம்பது வயது, அரிவாள் பிடித்தால் அவள் கைவேகத்துக்கு மற்ற பெண்களில் ஈடு கிடையாது. அவள் மனதில் ஒரே ஒரு பேச்சு இருந்தது, ஏழு வருடமாக இருந்தது, அது தவறிக்கூட ஒரு இலையில் ஏறி யார் வீட்டு அடுப்படியிலோ போய் வெடித்துவிடக் கூடாது என்று பயந்தாள்.

அவள் புருசன் சென்னியப்பன் அதே தோட்டத்தில் தண்ணீர் கட்டுகிறவர். இருவரும் ஒரே வீட்டில் இருந்து கிளம்பி, ஒரே தோட்டத்துக்கு வந்து, ஒரே வீட்டுக்குத் திரும்பிப் போகிறவர்கள். ஏழு வருடமாக ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பக்கத்துப் பெண்கள் புருசனைப் பேர் சொல்லமாட்டார்கள், "ஏனுங்க" என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த "ஏனுங்க"வை மாராத்தாள் எடுத்து எங்கேயோ வைத்துப் பூட்டிவிட்டாள். சோறு ஆனதும் வாசலில் கட்டியிருக்கிற வெள்ளாட்டைப் பார்த்து, "வேணுங்கறவங்க வந்து தின்னுக்கலாம்" என்பாள். அவர் வந்து தின்றுவிட்டு, "குழம்புல உப்பு செரியா இருந்துச்சு" என்று ஆட்டிடம் சொல்லிவிட்டுப் போவார். ஆட்டுக்கு அந்த வீட்டு நடப்பு எல்லாம் தெரியும்.

இதற்கெல்லாம் காரணம் அவர்களுடைய ஒரே பையன் நந்தகுமார். ஐடிஐயில் சேர்த்துவிடலாம் என்று அவள் அலைந்துகொண்டிருந்தபோது, அவன் போர்வெல் லாரியில் வடக்கே போகிறேன் என்றான். அனுப்பமாட்டேன் என்றாள் அவள். "போயி நாலு ஊரப் பாத்துட்டு வரட்டும்" என்று சொல்லி அனுப்பிவைத்தவர் சென்னியப்பன். இரண்டு வருடம் மாதம் தவறாமல் போன் செய்தான். மூன்றாம் வருடம் பொங்கலுக்கு வருவதாகச் சொல்லி, அவள் முறுக்குச் சுட்டு, வெள்ளை அடித்து, வாசல் பார்த்து நின்றுகொண்டிருக்கும்போது, லாரி வேறு ஊருக்குப் போகிறது வரமுடியாது என்று போன் செய்தான். அப்புறம் அவனிடமிருந்து போன் வரவில்லை. அவன் நம்பரும் மாறிவிட்டது. "நீங்க அனுப்புனதாலதான் போனான். இனி உங்ககூட எனக்குப் பேச்சு கெடையாது" என்று அவள் சென்னியப்பனிடம் சொன்னாள், அதுதான் கடைசி. அந்தப் பொங்கல் போனில் அவள் பையனிடம் என்ன சொன்னாள் என்பது மட்டும் அவளுக்கும் அவனுக்கும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவள் மனதில் கிடந்த பேச்சு. அவன் நம்பர் மாறினாலும் தன் நம்பர் மாறக் கூடாது என்று, அந்தப் பட்டன் போனை மூன்று தடவை ரிப்பேர் பார்த்து வைத்திருந்தாள்.

தோட்டத்துக் கறிவேப்பிலை இரண்டு வழியாகப் போகும். பெண்கள் சாயங்காலம் அறுப்பது உள்ளூர் மார்க்கெட்டுக்கு. விடிவதற்கு முன்னால் அறுப்பது வேனில் கோயமுத்தூர் ஸ்டேஷனுக்குப் போய், ரயில் ஏறி, நாக்பூர், ராய்ப்பூர் என்று வடக்கே போய்விடும். அங்கே இருக்கிற நம் ஆட்களுக்குக் கறிவேப்பிலை இல்லாமல் குழம்பு இறங்குமா. இலை பேச ஆரம்பித்த கொஞ்ச நாளில் சென்னியப்பன் ஆறுக்குட்டியிடம் போய், "ரயில் லோட இனி நானே தனியா அறுத்துக்கறனுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். பனியில் யார் எழுந்து வருவது என்று இருந்த மற்றவர்களுக்குச் சந்தோசம். விடியும் வரைக்குமாவது தன் முகத்தைப் பார்க்காமல் இருக்கலாம் என்றுதான் மனுசன் ஓடுகிறார் என்று மாராத்தாள் நினைத்துக்கொண்டாள், நினைத்ததும் அவளுக்கு வலித்தது.

நாள் போகப்போக அவளுக்கு ஆசை வந்தது. ஊரில் எல்லார் பேச்சும் போய்ச் சேரவேண்டிய இடத்தில் சேருகிறது, தன்னுடையது மட்டும் ஏன் சேரக் கூடாது என்று தோன்றியது. ஆனால் வடக்கே போகிற இலையெல்லாம் சென்னியப்பன் கையில் இருந்தது, அவரிடம் கேட்க வேண்டுமென்றால் பேசவேண்டும். அதனால் அவள் கொத்தமல்லியிடம் சொல்ல ஆரம்பித்தாள். ஒவ்வொரு கட்டாகக் கட்டும்போது குனிந்து, "நந்து, அம்மா பேசறேன்" என்று மெல்லிய குரலில் தொடங்கி, மனதில் இருந்ததில் பாதியையாவது சொல்லிவிடுவாள். கொத்தமல்லி உள்ளூர் தாண்டாது என்று தெரியும், ஆனாலும் லாரிக்காரர்கள் எங்கெங்கோ சாப்பிடுகிறார்கள், யாராவது கேட்டு யாரிடமாவது சொல்லமாட்டார்களா என்று ஒரு நப்பாசை. மூன்று வாரம் கழித்துத் துளசிமணி கண்டுபிடித்தாள்.

"ஏனுங்க்கா, கொத்தமல்லிகிட்டயா சொல்றீங்க?"

"ஏன், அதும் தழைதான?"

"அத யாருங்க்கா எண்ணெயில போடறாங்க? எறக்கி வெச்சு மேல தூவறாங்க. நீங்க மூணு வாரமாச் சொன்னதெல்லாம் ஒரு சத்தமில்லாம ஊருச் சனம் வயித்துக்குள்ள போயி உக்காந்திருக்குது."

மாராத்தாள் கையில் இருந்த கட்டைப் பார்த்தாள். துளசிமணி சிரித்துவிட்டுத்தான் அவள் முகத்தைக் கவனித்தாள். அப்புறம் சிரிப்பை விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, மீதிக் கட்டுகளைத் தானே கட்டிக் கொடுத்தாள்.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் ஸ்டேஷனுக்குப் போகிற வேன் வரவில்லை. அச்சு முறிந்து காரமடைப் பக்கம் நின்றுவிட்டது என்றார்கள். சென்னியப்பன் அறுத்து வைத்த ரயில் லோடு முழுவதும் மத்தியானம் வரைக்கும் நிழலில் கிடந்தது. வாடிப் போவதற்குள் ஆளுக்கு ஒரு கட்டு எடுத்துக்கொண்டு போங்கள் என்றார் ஆறுக்குட்டி. அப்போது சென்னியப்பன் தோட்டத்தின் மறுகோடியில் மடை திருப்பிக்கொண்டிருந்தார். அவர் எங்கே போனாலும் வரப்பைச் சுற்றிக்கொண்டுதான் போவார், முப்பது வருடத்தில் ஒரு பாத்தியை மிதித்தவர் கிடையாது. இலையை எல்லாரும் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவசரமாக, வரப்பு வரப்பாக அவர் சுற்றி வந்து சேர்வதற்குள் மாராத்தாள் தன் கட்டோடு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுப்பில் பருப்பு வெந்திருந்தது. எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்ததும், கட்டில் இருந்து ஒரு இணுக்கை உருவிப் போட்டாள்.

"நந்து, இங்க ஒரு உழவு மழ பேஞ்சுது" என்றது எண்ணெய், சென்னியப்பன் குரலில். "வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டிருக்குது. ஒண்ணு செவல."

மாராத்தாள் கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள். அவர் ஆட்டிடம் பேசும்போதுகூட இத்தனை வார்த்தை பேசி அவள் கேட்டதில்லை. அடுத்த இணுக்கைப் போட்டாள். "உங்கம்மா நல்லாத்தான் இருக்கறா. எளச்சுட்டா. கேட்டாச் சொல்லமாட்டா." இன்னொன்று. "நீ எந்த ஊருல இருக்கறயோ தெரியல சாமி. ரயிலு போற பக்கமெல்லாம் இலை போவுதுன்னாங்க. அஞ்சு மாசமாச் சொல்லிட்டிருக்கறேன். உன்ற காதுல என்னிக்கு உழுவுதோ உழுவட்டும்." அவள் பருப்பை மறந்தாள். வாணலியை எண்ணெயால் நிரப்பி, கட்டை அவிழ்த்து, இணுக்கு இணுக்காகப் போட்டுக்கொண்டே இருந்தாள், வீடெல்லாம் கறிவேப்பிலை வாசம், கண்ணெல்லாம் புகை, வாசலில் வெள்ளாடு காதை விறைத்துக்கொண்டு உள்ளே பார்த்தது. கட்டின் அடியில் இருந்த ஒரு இணுக்கு இப்படிச் சொன்னது: "உங்கம்மா அன்னிக்குப் போன்ல சொன்னத மனசுல வெச்சுக்காத சாமி. பையனே இல்லைன்னு நெனச்சுக்கறேன், இந்த வாசப்படி மிதிக்காதன்னு சொன்னாளே, அது கோவத்துல வந்தது. நான் கதவுக்கிட்டதான நின்னுட்டிருந்தேன். எங்கிட்டக்கூட அவ அதச் சொல்லல. அவளுக்கே அது தாங்காது. என்னயத் திட்டித் தீத்துக்கட்டும்னு உட்டுட்டேன்."

இதைக் கேட்டதும் மாராத்தாள் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். ஏழு வருடமாக அந்த மனுசன் தலையில் தான் ஏற்றிவைத்த சுமை யாருடையது என்று அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் இறக்கிவைக்காமல் சுமந்துகொண்டு, உப்பு சரியாக இருக்கிறதென்று ஆட்டிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

சென்னியப்பன் வந்தபோது சோற்றின் மேல் பருப்பும், பருப்பின் மேல் ஒரு குத்து பொரிந்த கறிவேப்பிலையும் இருந்தது. அவர் இலையைப் பார்த்தார், காலியான எண்ணெய்ப் பாட்டிலைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். சாப்பிடும்போது கறிவேப்பிலையைத் தட்டோரம் ஒதுக்காத மனிதர்கள் அந்த ஊரில் இல்லை. அவர் அன்று ஒரு இலையைக்கூட ஒதுக்கவில்லை. அவளும் ஆட்டிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் விடியற்காலம் அவர் அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது அவளும் ஒன்றை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். அவர் மூன்றாவது வரிசையில் நின்றார், அவள் நான்காவது வரிசையில் நின்றாள். அவரிடம் பேச வேண்டும் என்றுதான் வந்தாள். ஏழு வருடம் பூட்டிக் கிடந்த வாய் அவர் பக்கம் திரும்பித் திறக்கவில்லை, செடியைப் பார்த்துத்தான் திறந்தது.

"நந்து, அம்மா பேசறேன்" என்றாள்.

பக்கத்து வரிசையில் அரிவாள் நின்றது. சென்னியப்பன் தன் செடியிடம், "நந்து, இன்னிக்கு உங்கம்மாளும் வந்திருக்கறா. பனி கொட்டுது, தலைக்கு ஒண்ணும் போடாம நிக்கறா" என்றார்.

மாராத்தாள் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். "உங்கப்பனுக்கு முட்டி வீங்கிக் கெடக்குது நந்து. எண்ணெ தேச்சுக்கறதுக்கு இவருக்குக் கை இல்லயா?" என்று தன் செடியிடம் கேட்டாள். அடுத்த நாள் அவர் முட்டியில் எண்ணெய் மினுங்கியது.

இப்படியே நடந்தது. விடியற்காலம் இரண்டு பேரும் இரண்டு வரிசையில் நின்று பையனிடம் பேசுவார்கள், அவர் சொன்னதற்கு அவள் செடி பதில் வாங்கிக்கொள்ளும், அவள் கேட்டதற்கு அவர் செடி பதில் வாங்கிக்கொள்ளும். வேலைக்குச் சீக்கிரம் வந்து இதைக் கேட்டுவிட்ட துளசிமணி, "பேசாம ஆளுக்கொரு செடியக் கட்டிக்கிட்டு வாழுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, வடகோடியில் இருந்த ஒரு பழைய செடி முன்னால் நின்று, மாராத்தாள் அந்த மீதிப் பாதியையும் சொன்னாள்: "அம்மா அன்னிக்குச் சொன்னது தப்பு சாமி. வராதன்னு சொன்ன வாயி இதுதான். அந்தப் பழியத் தூக்கி உங்கப்பன் தலைல போட்டுட்டு ஏழு வருசமாத் திரிஞ்சேன். வந்து ஒரு வாய்ச் சோறு தின்னுட்டுப் போ." பக்கத்து வரிசையில் சென்னியப்பன் இருமினார். அவள் அந்த இணுக்கை அறுத்துக் கட்டில் சேர்த்தாள். அன்று வேன் நேரத்துக்கு வந்தது.

ஐப்பசியில் ஒன்பது நாள் விடாமல் மழை பெய்தது. பத்தாம் நாள் வெயில் வந்ததும் அறுத்த இலை மெஸ்காரம்மாவின் எண்ணெயில் படபடவென்று பொரிந்தது, அவ்வளவுதான். இலைக்குச் சளி பிடித்திருக்கிறது, சரியாகிவிடும் என்றார்கள். வேரில் தண்ணீர் தேங்கியது என்றார்கள். ஒரு மாதம் கழித்து யாரும் எதுவும் சொல்லவில்லை, பேசாத இலையும் ஊருக்குப் பழகிவிட்டது. ஆறுக்குட்டி அந்தத் தகரப் பலகையைப் பிடுங்கி மோட்டார் சுவிட்சுக்கு மேலே மழை படாமல் ஆணி அடித்து வைத்தார். துளசிமணியின் மாமியார் தனக்குள் ஏதோ முடிவு செய்து மறுபடியும் காப்பி போட ஆரம்பித்தாள். துளசிமணி வாயைத் திறக்காமல் குடித்தாள்.

மாராத்தாளுக்குத்தான் மனது ஆறவில்லை. பேசிய இலைகள் அத்தனையும் போய்விட்டன, ஒரு பதிலும் வரவில்லை. எந்த ஓட்டல் சாம்பாரில் யார் காதில் விழுந்து வீணாகப் போனதோ. ஊமை இலை என்று தெரிந்தும் அவளும் சென்னியப்பனும் விடியற்காலம் போய் அதே இரண்டு வரிசையில் நின்று, அதே மாதிரி பேசிக்கொண்டுதான் அறுத்தார்கள். நிறுத்திவிட்டால் இவர்களுக்குள் இருக்கிற அந்தப் பேச்சும் நின்றுவிடுமோ என்று அவளுக்குப் பயம். செடி இல்லாத இடத்தில் அவர்கள் இன்னும் ஆட்டோடுதான் பேசினார்கள்.

மார்கழியில் ஒரு மத்தியானம். மோட்டார் ரூம் நிழலில் மாராத்தாளும் துளசிமணியும் சிறுகீரை கட்டிக்கொண்டிருந்தார்கள். சோற்றுப் பைக்குள் பட்டன் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள். பேச்சில்லை. ஏதோ ஒரு ரோட்டோரத்துக் காற்று, தூரத்தில் லாரி ஹாரன், பக்கத்தில் ஸ்டவ் இரைகிற சத்தம். தவறான நம்பர் என்று வைக்கப் போனவள் கை நின்றது. கடுகு வெடித்தது அவளுக்குக் கேட்டது. ஐம்பது வருடமாகக் கேட்ட சத்தம், அதில் ஏமாற முடியாது. அப்புறம் இலை விழுந்தது, காய்ந்த இலை, சருகு நொறுங்குகிற மாதிரி பொரிந்தது, அதற்குள்ளிருந்து அவளுடைய குரலே வந்தது.

"அம்மா அன்னிக்குச் சொன்னது தப்பு சாமி" என்றது. "வராதன்னு சொன்ன வாயி இதுதான்." முழுவதும் சொன்னது, ஒரு வாய்ச் சோறு வரைக்கும் சொன்னது. கடைசியில், பக்கத்து வரிசையில் இருந்து சென்னியப்பன் இருமிய சத்தமும் கேட்டது.

ஸ்டவ் அணைந்தது. ஒரு ஆண் குரல், அவள் கடைசியாகக் கேட்டதைவிடக் கனத்த குரல், "அம்மா" என்றது.

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ராய்ப்பூர் சந்தைல வாங்குன கட்டும்மா. பொரிக்கப் பொரிக்க அப்பா பேசுனாரு, நீ பேசுன. எல்லாத்தையும் பொரிச்சுட்டா முடிஞ்சு போயிருமேன்னு இந்த ஒரு இணுக்க மட்டும் காயப்போட்டு டப்பாவுல வெச்சுருந்தேன். இதுக்குள்ள என்ன இருக்குதுன்னு எனக்கே தெரியாதும்மா. தனியாக் கேக்க மனசு வரல."

மாராத்தாள் எழுந்து நின்றாள். மடியில் இருந்த கீரை சரிந்து விழுந்தது. தோட்டத்தின் மறுகோடியில், புதினாப் பாத்திக்கு அப்பால், சென்னியப்பன் மண்வெட்டியோடு குனிந்து மடை அடைத்துக்கொண்டிருந்தார். அவள் போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"ஏனுங்க."

அவர் நிமிரவில்லை. வேறு யாரையோ யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருப்பார், அந்தக் குரலில் அந்த வார்த்தை அவருக்கு வந்து ஏழு வருடம் ஆயிற்று. துளசிமணி கட்டிக்கொண்டிருந்த நாரை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். களை பிடுங்கிக்கொண்டிருந்த ஆறுக்குட்டி தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க," என்று மாராத்தாள் இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். "உங்களத்தானுங்க. பையன் பேசறானுங்க."

சென்னியப்பன் நிமிர்ந்தார். மண்வெட்டி கையிலிருந்து நழுவியது. வரப்பைச் சுற்றாமல், புதினாவை மிதித்து, கொத்தமல்லியை மிதித்து, அன்று காலைதான் விதை தூவிய கீரைப் பாத்தியின் ஈரமண்ணில் கால் புதையப் புதைய, நேராக அவளைப் பார்த்து அவர் நடந்து வந்தார். ஆறுக்குட்டி தன் பாத்திகளைப் பார்த்தார், தலை குனிந்து களையைப் பிடுங்கினார்.